பாய்ப்படகு பிடிக்குமுன் நான் கேட்காமல் விட்டவை

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கப்பல் துறையில் வந்து கட்டியதும் படியேறிப் போய், கேப்டனின் அறையில் உட்கார்ந்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, கொடுத்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். அந்தக் கப்பல் புறப்படும்போது நான் அடுத்த கப்பலின் காகிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். மொத்தத்தில், ஓடுகிற கப்பலில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. இதை நான் வீட்டில் மறைக்கவில்லை. சாயங்காலம் வந்து "இன்னைக்கு ரெண்டு கப்பல்ல ஏறினேன்" என்று சொல்வேன். அது உண்மைதான். மீதியை அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் என் சகலை பாய்ப்படகில் விடுமுறை போகலாம் என்று முடிவு செய்தபோது ஏற்பாடு என் தலையில் வந்து விழுந்தது. சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்று நாசரேத்தில் இருக்கிறார். அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள் வந்தது. யாரோ செல்போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள்: வெள்ளைப் பாய், நீலத் தண்ணீர், கையில் இளநீரோடு இரண்டு பேர்.

"தம்பி, படகு அவங்களுது, ஆளும் அவங்களுது, சமையலும் அவங்களே பண்ணிருவாங்களாம். நம்ம சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றார். "கடல் விசயம் உங்க டிபார்ட்மெண்டுல்லா? நீங்களே பேசி முடிச்சிருங்க."

என் மனைவி சாத்தான்குளத்துக்காரி. தமிழாசிரியை. குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவள். "இவரு கூட இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று அக்காளிடம் சொன்னாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் கொச்சிக்குப் போன் போட்டேன்.

கொச்சியில் ஒருவருக்குச் சொந்தமான நாற்பதடிப் படகு அது. வாடைக் காலத்தில் சில வாரம் தூத்துக்குடிப் பக்கம் வந்து கிடக்கும். அதை ஓட்டுவது ஒரு தம்பதி. போனை எடுத்த படகுச் சொந்தக்காரர் தன்மையாகப் பேசினார். படகின் பதிவு, காப்பீடு, மாலுமிச் சான்றிதழ், துறைமுக அனுமதி, கடலோரக் காவலுக்குக் கொடுக்க வேண்டிய ஆள் பட்டியல் என்று எனக்குத் தெரிந்த கேள்விகளை எல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் அனுப்பினார். ஒரு பிழை கிடையாது. கேப்டனின் சான்றிதழ் நகலில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற ஒரு பெயர். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கழிப்பறை எப்படி இருக்கும், குளிக்கத் தண்ணீர் எவ்வளவு, படுக்கையில் ஆறடி ஆள் காலை நீட்ட முடியுமா, காற்று எதிர்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

சகலை மூன்று நாளுக்கும் மணிக்கணக்கில் ஒரு திட்டம் தயாரித்து எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினார். வெள்ளி காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. பன்னிரண்டரைக்குத் தீவில் மதிய உணவு. மூன்று மணிக்கு மணப்பாடு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மணப்பாட்டுக் கரையில் உறவினர் சந்திப்பு, பிரியாணி. ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குத் தூத்துக்குடி. நான்கு மணிக்கு அவருடைய நண்பர் கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபம். அந்தத் தீவுகளெல்லாம் பாதுகாக்கப்பட்ட இடம், கால் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். என் டிபார்ட்மெண்டில் எனக்குத் தெரிந்த ஒரே கடல் விஷயம் அதுதான். அவர் ஒரு பெருமூச்சோடு அந்த வரியை அழித்துவிட்டு, "படகில் மதிய உணவு" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை விடிய, பழைய துறைமுகத்தில் படகு நின்றது. மேல்தளத்தில் ஒருவர் பனியனோடு வெங்காயக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். சகலை நேராகப் போய்க் கையை நீட்டினார்.

"குட் மார்னிங் கேப்டன்!"

"நான் சமையல் சார்" என்றார் அவர், கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே. "கேப்டன் அங்கன இருக்கா."

அங்கே, பாய்மரத்தின் பாதி உயரத்தில், ஒரு பெண் கயிற்றில் தொங்கியபடி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இறங்கி வந்து எங்கள் நான்கு பேரையும் ஒரு முறை பார்த்தாள். அப்புறம் எங்கள் சாமான்களைப் பார்த்தாள். மைனி, அதாவது சகலையின் மனைவி, சக்கரம் வைத்த இரண்டு பெரிய சூட்கேஸ் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், இந்தப் பெட்டி உள்ள போகாது. மடிச்சு வைக்கிற பைதான் கொண்டு வரணும். போன்ல சொல்லலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லவில்லை. மைனி படகு கட்டியிருந்த கல்பாலத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற மீன்காரர்கள் பார்க்க, முப்பது வருடக் கல்யாணத்தின் பட்டுச்சேலை உட்பட எல்லாவற்றையும் ஐந்து கட்டைப்பைகளுக்கு மாற்றினார். சூட்கேஸ்கள் ஆட்டோவில் என் வீட்டுக்குப் போயின.

படகில் ஏறியதும் சகலை ஜெபம் பண்ணினார். எங்கள் குடும்பத்தில் பயணத்துக்கு முன் ஜெபிப்பது வழக்கம். அவர் தேசத்தின் தலைவர்களில் ஆரம்பித்தார். மழை, விளைச்சல், படிக்கிற பிள்ளைகள் என்று வந்தார். கேப்டன் கண்ணை மூடி, கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். அவர் நோயாளிகளிடம் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "சார், மீதிய ஓடிக்கிட்டே ஜெபிச்சா வெயிலுக்கு முன்ன போயிரலாம்." ஆமென் வந்தது. அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தாள்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டுமுன் அவள் கணவர், அந்தச் சமையல்காரர், கழிப்பறையைச் செய்துகாட்டினார். அலமாரி அளவு இடம். ஒரு பிடியைத் திருகி இருபது தடவை அடிக்க வேண்டும், பிறகு மறுபக்கம் திருகி இருபது தடவை அடிக்க வேண்டும். திருக மறந்தால் கடல் உள்ளே வரும். சகலை குறிப்பு எடுத்துக்கொண்டார். மைனி மூன்று நாளைக்கு ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். அந்த முடிவு மத்தியானம் வரை நின்றது. சமையல்காரர் செய்த நண்டு ரசத்தின் வாசம் வந்ததும் முடிவு போய்விட்டது.

"கப்பல் தலைசுத்தலுக்கு மாத்திரை யாருக்காச்சும் வேணுமா?" என்று கேப்டன் கேட்டாள். "சுவரத் தாண்டுறதுக்கு முன்ன போடணும். ஆரம்பிச்ச பொறவு போட்டா பிரயோசனமில்ல."

மூன்று பேரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். "இவருக்கு வேண்டாம்" என்று என் மனைவி எனக்காகச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ள, படகு பக்கத்துக்குப் பக்கம் உருண்டுகொண்டே போனது. எனக்கு முதலில் கொட்டாவி வந்தது. பிறகு வாயெல்லாம் எச்சில். சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பச்சை வாளியை என் மடியில் வைத்தார். எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்தபோது எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"ஏங்க, தினம் கப்பல்ல ஏறுறவருக்கு ஏன் இப்பிடி வருது?"

"அது கட்டிக் கிடக்குற கப்பல்."

அவள் வாளியைக் கொஞ்சம் நேராக்கி வைத்தாள்.

"ஒரு கப்பலாவது ஓடலையா?"

"ஓடும். நான் இறங்கின பொறவு."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். தடவிய கையை எடுக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தலையைத் திருப்பினால், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து கேப்டனிடம் போய்விட்டாள். அடுத்து நான் நிமிர்ந்தபோது அவள் கையில் சுக்கான் சக்கரம் இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்க்காதவள் அங்கே காலை அகட்டி நின்றுகொண்டு, "இப்ப வலது பக்கமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் மேடு வந்துவிட்டது. ஏழு மணி நேரம். திட்டத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டோம் என்று சகலைக்குச் சந்தோஷம். அன்று ராத்திரி நங்கூரத்தில் கிடந்து ஆடிய ஆட்டத்தில் அவர் தூங்கவில்லை என்பது காலையில் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை பதினொரு மணி. உடன்குடியிலிருந்து சகலையின் தம்பி குடும்பம் வேன் பிடித்து, பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் நின்றது மேட்டுக்கு வடக்கே, ஊர்ப் பக்கம். நாங்கள் கிடந்தது மேட்டுக்குத் தெற்கே. வாடைக்கு மறைவு அந்தப் பக்கம்தான் என்று கேப்டன் சொல்லிவிட்டாள். சகலை போனில் வழி சொல்லச் சொல்ல, வந்த பதினான்கு பேரும் வெயிலில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தார்கள். வந்து பார்த்தால் கரையில் அலை ஆள் உயரத்துக்கு உடைகிறது.

"அந்த ரப்பர் படகுல போய் இறங்கிரலாமே" என்று சகலை சமையல்காரரிடம் சொன்னார். இந்த இரண்டு நாளும் அவர் எதையும் கேப்டனிடம் நேராகக் கேட்கவில்லை. கணவரிடம் கேட்பார், கணவர் திரும்பி அவளிடம் கேட்பார், அவள் சொல்லும் பதில் இரண்டடி தூரத்தில் சகலையின் காதிலும் விழும், ஆனாலும் கணவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார்.

"அந்த அலையில ரப்பர் படகு கவுந்துரும்" என்றாள் அவள்.

"கவுந்துருமாம் சார்" என்றார் கணவர்.

அப்படியாக உறவினர் சந்திப்பு இருநூறு மீட்டர் இடைவெளியில் நடந்தது. அவர்கள் கையை ஆட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம். குழந்தைகள் கைவலியில் உட்கார்ந்துவிட்டன. கல்யாண நாள் வாழ்த்துப் பாட்டைப் போனில் பாடினார்கள். காற்றில் பாதி கேட்டது. மைனி பட்டுச்சேலை கட்டியிருந்தார்.

அந்த நேரம் கரையிலிருந்து ஒரு பைபர் படகு அலையைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கைலியை மடித்துக் கட்டியவர், ஒற்றை ஆளாக ஓட்டி வந்தார். முன்பக்கம், உறவினர் கொடுத்தனுப்பிய ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி. கேப்டன் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியைச் சமையல்காரரிடம் கொடுத்தார். எங்கள் நங்கூரக் கயிறு தண்ணீருக்குள் இறங்கும் சாய்வைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏளா, இன்னும் பத்துப் பாகம் விடு" என்றார். "சாயங்காலம் காத்து கூடும்."

பாகம் என்பது விரித்த இரண்டு கையின் அளவு. அவள் முன்பக்கம் போய்ப் பத்துப் பாகம் கயிறு விட்டாள். அவர் அது இறுகும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"அவ அண்ணன், இந்த ஊருதான்" என்று சமையல்காரர் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆறு வருசமா பேச்சுவார்த்தை கிடையாது. கரையில அத்தனை படகு கெடக்கு. இவரு வந்தது பிரியாணிக்காக மட்டும் இல்ல." அப்புறம் தட்டு எடுக்கப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் கேப்டன் எங்களை உட்காரவைத்து நாளைய பயணத்தைச் சொன்னாள். காற்று வடக்கே இருந்து கூடுகிறது. நேராகப் போக முடியாது; இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். காலை ஐந்துக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழாகும்.

சகலை செல்போனை எடுத்துச் சமையல்காரரிடம் காட்டினார். "பன்னிரண்டு மணின்னு போட்டிருக்கு. நாலு மணிக்கு நான் பிரதிஷ்டை ஜெபத்துல இருக்கணும். வாக்குக் கொடுத்திருக்கேன்."

சமையல்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. "சார், எனக்குத் தெரிஞ்சது நண்டு" என்றார். "நீங்க அவட்டயே கேளுங்க."

சகலை திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு முறை தொண்டையைச் செருமினார். "மேடம், இன்ஜின் இருக்குல்லா?"

"இருக்கு சார். எதிர் அலையில முட்டிக்கிட்டு நிக்கும். உங்க எல்லாருக்கும் வாந்தி வரும். அப்பவும் பன்னிரண்டுக்குப் போய்ச் சேராது."

"அப்போ என்னதான் வழி?"

"பன்னிரண்டுக்குப் போகணும்னா பஸ்தான் சார்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. உடன்குடி போய் மாறினால் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சகலை கடலைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார். மைனி ஏற்கெனவே கட்டைப்பைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் செல்போனை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டாள். "ரெண்டு பேர எறக்கணும். வாரியா?" அவ்வளவுதான் பேசினாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தப் பைபர் படகு மறுபடி வந்தது. சகலையும் மைனியும் உயிர்காப்புச் சட்டை மாட்டி, ஆளுக்கொரு பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசி அலை அவர்களை இடுப்பு வரை நனைத்துக் கரையில் கொண்டுபோய் வைத்தது. பட்டுச்சேலையை மைனி முன்யோசனையாகப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தார். கரையேறியதும் சகலை திரும்பி நின்று கும்பிட்டார். எங்களைப் பார்த்து இல்லை என்று நினைக்கிறேன். கேப்டன் முன்பக்கம் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே, அதாவது படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே, போட்டுக்கொண்டேன். அப்படியும் வாளி தேவைப்பட்டது. ஆனால் இரண்டு தடவைதான். படகு ஒரு பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருக்கும். அவள் குரல் கொடுத்ததும் பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் போகும். நாங்களும் வாரிச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் போவோம். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் பார்த்தால் கரையில் அதே பனைமரம் நிற்பதுபோல இருக்கும். ஆறாவது தடவைக்குமேல் கயிறு இழுக்கிற வேலையை எனக்குக் கொடுத்தாள். கைக்கு வேலை வந்ததும் வயிறு கொஞ்சம் அடங்கியது.

என் மனைவி சுக்கானில் இருந்தாள். வகுப்பில் கேள்வி கேட்பதுபோலவே நேராகக் கேட்டாள்: "உங்க அண்ணன் ஏன் பேசல?"

கேப்டன் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பா செத்தபோது அவள் ஒரு சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தாள், பிரேசிலுக்குப் பாதி வழியில். செய்தி வந்தது, இறங்க வழியில்லை. பதினெட்டு நாள் கழித்துக் கரை கண்டாள். மணப்பாட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அண்ணனும் கடல்ல போறவருதானே? அவருக்குப் புரியாதா?"

"புரியும் மேடம். அதான் சண்ட போடல. பேச மாட்டான், அவ்வளவுதான்."

நான் வேலைபார்க்கும் அலுவலகத்தில் அப்படிச் செய்திகள் வரும். இன்ன கப்பலில் இன்னாருக்கு வீட்டில் மரணம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட முடியுமா என்று கேட்பார்கள். நான் படிவத்தை நிரப்பி அனுப்புவேன். அந்த ஆள் அத்தனை நாள் கப்பலில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்ததில்லை. கயிற்றைப் பிடித்தபடி அதை நினைத்தேன். ஒரு மாதிரி இருந்தது. அது வயிற்றுக் கோளாறு இல்லை.

மத்தியானம் திருச்செந்தூரைத் தாண்டியபோது கேப்டனின் போன் அடித்தது. திரையில் "அண்ணன்" என்று இருந்தது. அவள் எடுத்து, "ம்" என்றாள். "திருச்செந்தூர் தாண்டியாச்சு" என்றாள். "சாப்பிட்டாச்சு" என்றாள். வைத்துவிட்டாள். சமையல்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாயசம் வைத்தார்.

ஏழரைக்குத் தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். கரையில் கால் வைத்ததும் தரை ஆடியது. என் மனைவி கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். வீட்டுக்கு வந்த ஆட்டோவில், மே மாத விடுமுறையில் கொச்சியிலிருந்து ஒரு வாரம் போகலாம், காற்று எப்படி இருக்கும் என்று கேப்டனிடம் கேட்டாயிற்று, நீங்கள் வருவதானால் வாருங்கள் என்றாள்.

சகலை பிரதிஷ்டை ஜெபத்துக்கு மூன்றரைக்கே போய்விட்டாராம். படகு எப்படி என்று கேட்டவர்களிடம், "கேப்டன் சொல்லுத நேரத்துக்குத்தான் போக முடியும், அதுக்குத் தக்கன பிளான் பண்ணணும்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்று சொல்லவில்லை, கேப்டன் என்றுதான் சொன்னார் என்று மைனி போனில் அழுத்திச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்து கட்டியிருந்தது. வழக்கம்போலப் படியேறி, கேப்டனின் அறையில் உட்கார்ந்து, காகிதங்களை வரிசையாக வைத்தேன். அவர் பேனாவை எடுத்தார். வரும் வழியில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் சொன்னார். அலுவலகத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை.